சிறு பியர் ஆலையில் கணினிக்கு என்ன வேலை?

பதினெட்டாம் நூற்றாண்டின் பாதிவரை லண்டன் பியர் ஆலைக்காரர்கள் வெந்நீரின் பதத்தைக் கண்ணால்தான் பார்த்தார்கள். கொப்பரையில் ஆவி கொஞ்சம் விலகி, தண்ணீரில் தன் முகம் தெரிந்தால் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, நனைக்கலாம் என்பது வழக்கம். மைக்கேல் கோம்ப்ரூன் 1750-களில் தெர்மாமீட்டரை வைத்துப் பியர் வடிப்பதைப் பற்றி எழுதத் தொடங்கினார். ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன் 1784-இல் சாக்கரோமீட்டரைப் பற்றி நூல் வெளியிட்டார். மால்ட்டிலிருந்து எவ்வளவு சர்க்கரை இறங்குகிறது என்று அளந்து காட்டும் மிதவை அது. அளந்து பார்த்தபோது ஒரு சங்கதி வெளிவந்தது. மலிவு என்று எல்லோரும் மூட்டை மூட்டையாக வாங்கிய பழுப்பு மால்ட், இறங்கும் சர்க்கரையைக் கணக்கிட்டால் வெளிர் மால்ட்டைவிடச் செலவு பிடிப்பதாக இருந்தது. ஆலைகள் வெளிர் மால்ட்டுக்குத் தாவின. லண்டனின் கறுப்பு பியரான போர்ட்டர் நிறம் மங்கியது. காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போன்ற எந்திரத்தில் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்கு டேனியல் வீலர் 1817-இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் பழைய கறுப்பு திரும்பக் கிடைத்தது.

இந்தக் கதையை முதலில் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பியர் தொழிலில் அளவுகருவி நுழைந்தால் அது வேலையைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடாது. செய்முறையையும் கணக்கையும், சில நேரம் சரக்கின் நிறத்தையுமே மாற்றிவிடும். இன்று சிறு பியர் ஆலைகளை நோக்கி மென்பொருள் நிறுவனங்களும் தானியங்கிக் கருவி விற்பவர்களும் படையெடுத்து வரும்போது, எதை உள்ளே விடலாம், எதை வாசலிலேயே நிறுத்தலாம் என்பது காசுக் கேள்வி மட்டுமல்ல.

சிறு ஆலை என்றால் எவ்வளவு சிறியது? கைவினை பியர் அலை எழுந்த அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். ஜாக் மெக்காலிஃப் கலிஃபோர்னியாவின் சொனோமாவில் நியூ ஆல்பியன் ஆலையை 1976-இல் தொடங்கினார். வீட்டில் பியர் காய்ச்சுவதைச் சட்டபூர்வமாக்கும் மசோதாவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டுகளில் நாடு முழுவதும் நூறு ஆலைகள்கூட இல்லை. இன்று ஒன்பதாயிரத்துக்கு மேல். ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய் வரை வடிப்பவரெல்லாம் அங்குள்ள ஆலைக்காரர் சங்கத்தின் இலக்கணப்படி 'சிறியவர்'தான். ஆனால் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஆயிரம் பீப்பாய்க்கும் குறைவாகவே வடிக்கின்றன. ஒரு பீப்பாய் ஏறத்தாழ 117 லிட்டர். ஆக வாரத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் லிட்டர். முதலாளி, வடிப்பவர், கவுண்ட்டரில் ஊற்றித் தருபவர் எல்லாம் சேர்ந்து நாலைந்து பேர். மென்பொருள் விற்பவர் காட்டும் வெற்றிக் கதைகள் இலக்கணத்தால் சிறியவரிடமிருந்து வருகின்றன. அதை வாங்குபவரோ உண்மையிலேயே சிறியவர். 2024-இல் அமெரிக்காவில் புதிதாகத் திறந்த ஆலைகளைவிட மூடியவை அதிகம். அந்த நிலையில் தவறான எந்திரம் வாங்கினால், வட்டி கட்டியே ஆலை மூடும்.

பெரும்பாலோர் முதலில் ஆசைப்படுவது காய்ச்சும் கூடத்தின் தொடுதிரையை. பளபளக்கும் எஃகுக் கொப்பரைகள், அவற்றின் படம் திரையில், விரலால் தொட்டால் வால்வு திறக்கிறது. பார்க்க வரும் வங்கி மேலாளருக்கும் பிடிக்கும். பின்னால் இருப்பது பி.எல்.சி. எனும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி. பெரிய ஆலைகளில் சீமென்ஸ் நிறுவனத்தின் பிரவ்மாட் போன்ற முறைமைகள் நெடுங்காலமாக ஓடுகின்றன. சிறியவர்களுக்கு அவற்றின் சுருக்கப் பதிப்புகளும், உள்ளூர் எலக்ட்ரீஷியன் கட்டித் தரும் பெட்டிகளும் உண்டு. இங்கே தானியங்கி செய்யும் வேலை நிஜமானது. நனைத்த மால்ட்டை 63–65 டிகிரியில் நிறுத்தினால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை கூடுதலாக இறங்கும். பியர் மெலிந்து வறண்டிருக்கும். 68–70 டிகிரிக்குப் போனால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத மாவுக்கூறு மிஞ்சி வாய்க்குக் கனம் கொடுக்கும். நாலு டிகிரி வித்தியாசத்தில் வேறு பியர். அதைக் கைவிடாமல் பிடித்து வைக்க எந்திரம் உதவும்தான்.

ஆனால் காய்ச்சும் நாளில் ஆள் எப்படியும் அங்கேயே நிற்கிறார். மால்ட் மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதும், கசப்புக்கான ஹாப்ஸ் பூவை நிறுத்துப் போடுவதும், சாறு இறங்கிய சக்கையை மண்வெட்டியால் வாரி வெளியே தள்ளுவதும் அவர்தான். ஆறேழு மணி நேரம் கொப்பரைக்குப் பக்கத்திலேயே இருப்பவருக்கு வால்வைக் கையால் திருப்புவது பெரிய பாரமில்லை. ஒரே நாளில் இரண்டு மூன்று ஈடு காய்ச்சத் தொடங்கிய ஆலைக்குத் திரை தேவை. வாரத்துக்கு இரண்டு ஈடு காய்ச்சுபவருக்கு அது அலங்காரம். என் கணிப்பில் சிறு ஆலைகளின் தானியங்கிச் செலவில் மிகவும் வீணாவது இங்கேதான்.

ஆள் இல்லாத நேரம் எது? இரவு. இரவில் வேலை நடக்கும் இடம் எது? நொதிக்கும் தொட்டி. காய்ச்சிக் குளிர்வித்த சாற்றில் ஈஸ்ட்டைச் சேர்த்தபின் மூன்று நான்கு நாள் அது கொந்தளிக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் மட்டுமல்ல, சூட்டையும் வெளியிடுகிறது. ஏல் வகை பியருக்கு 18–20 டிகிரி வேண்டுமென்றால், விட்டுவிட்ட தொட்டி தானாகவே 25-ஐத் தாண்டும். தாண்டினால் மூக்கை உறுத்தும் கரைப்பான் வாடை ஏறும். அந்த வாடையை அப்புறம் இறக்க முடியாது. அதனால் தொட்டியைச் சுற்றியுள்ள உறையில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத கிளைக்கால் கரைசல் ஓடுகிறது. அதைத் திறந்து மூடுவது விரல் நீளமுள்ள ஒரு மின்வால்வு.

அந்த வால்வு சனிக்கிழமை இரவு திறந்தபடி சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். உள்ளே ஒரு மணல் துகள் போதும். கிளைக்கால் நிற்காமல் ஓடுகிறது. 19 டிகிரியில் இருந்த தொட்டி விடிவதற்குள் 8 டிகிரிக்கு இறங்குகிறது. ஈஸ்ட் மயங்கி அடியில் படிந்துவிடும். திங்கட்கிழமை காலை கதவைத் திறப்பவருக்குப் பாதி நொதித்து நின்றுபோன ஆயிரம் லிட்டர் இனிப்புச் சாறு காத்திருக்கும். சூடேற்றி, புது ஈஸ்ட் போட்டு மீட்கலாம். பழைய ருசி வராது. இதைத் தடுக்க வேண்டியது நூறு டாலருக்கும் குறைவான வெப்பமானியும், அளவு பிசகினால் செல்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும் சின்ன நிரலும்தான். நெதர்லாந்தில் தொடங்கிய ப்ரூபை திட்டம் ஆர்டுயினோ பலகையையும் ராஸ்பெர்ரி பை கணினியையும் கோத்து இதைத்தான் செய்தது. பின்னர் ஜெர்மனியிலிருந்து கிராஃப்ட்பியர்பை வந்தது. இரண்டுமே திறமூலம். வீட்டில் காய்ச்சுபவர்களுக்காகப் பிறந்தவை, ஆலைகளுக்குள்ளும் நுழைந்தன. சிறு ஆலை முதன்முதலில் போட வேண்டிய தானியங்கி எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

அடுத்த படி அடர்த்தி. சர்க்கரை சாராயமாக மாற மாறத் திரவத்தின் அடர்த்தி இறங்கும். 1.050-இல் தொடங்கி 1.010-இல் நின்றால், வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்க 5.25 விழுக்காடு சாராயம். இதற்காகத் தினமும் குழாயில் ஒரு மாதிரி பிடித்து ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். தொட்டிக்குள்ளேயே கிடந்து அளவு சொல்லும் மிதவைகள் இப்போது வந்துவிட்டன. டில்ட் என்ற வணிகக் கருவியும், ஜெர்மனியில் பிறந்த திறமூல ஐஸ்பிண்டலும் ஒரே தத்துவத்தில் ஓடுகின்றன: அடர்ந்த சாற்றில் மிதவை சாய்ந்து கிடக்கும், அடர்த்தி குறையக் குறைய நிமிரும், உள்ளிருக்கும் சென்சார் அந்தச் சாய்வை அளந்து வானலையில் அனுப்பும். அழகான யோசனை. நடைமுறையில் நுரைத்த ஈஸ்ட்டும் ஹாப்ஸ் துணுக்கும் மிதவையின் தலையில் ஒட்டிக்கொள்ளும், சாய்வு மாறும், திரையில் அடர்த்தி திடீரென்று தாவும். எஃகுத் தொட்டி வானலையையும் விழுங்கிவிடும். வீட்டுப் பிளாஸ்டிக் வாளியில் நன்றாக ஓடிய கருவி ஆலையில் ஊமையாவது இப்படித்தான். குழாயில் பதித்து அளக்கும் தொழில்முறைச் சென்சார்கள் உண்டு. விலை வேறு உலகம். எனவே வளைகோட்டின் போக்கை மிதவையிடம் கேளுங்கள், முடிவு எண்ணை ஹைட்ரோமீட்டரிடம் கேளுங்கள் என்பதுதான் பெரும்பாலான ஆலைகளின் வழக்கம். போக்கு தெரிவதே பெரிய லாபம். நொதித்தல் முடியும் தறுவாயில் சூட்டை இரண்டொரு டிகிரி உயர்த்தி ஈஸ்ட்டுக்கு அவகாசம் கொடுத்தால், வெண்ணெய் வாடை தரும் டையசெட்டைலை அதுவே தின்று தீர்க்கும். அந்தத் தறுவாய் ஞாயிற்றுக்கிழமை பின்னிரவில் வந்தாலும் வளைகோடு காட்டிக்கொடுக்கும்.

கழுவும் வேலையைப் பற்றி விற்பனைத் தாள்கள் அதிகம் பேசுவதில்லை. வடிப்பவரின் நாளில் பெரும்பகுதி கழுவுவதுதான். அதில் ஒரு ஆபத்தை மட்டும் பார்ப்போம். பியரை இறக்கிய தொட்டிக்குள் கரியமில வாயு நிறைந்திருக்கிறது. அதை வெளியேற்றாமல் காஸ்டிக் சோடாக் கரைசலைத் தெளித்தால், சோடா அந்த வாயுவை உறிஞ்சிக் கார்பனேட்டாக மாற்றிவிடும். உள்ளே வாயு மறைகிறது, வெற்றிடம் உண்டாகிறது. உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கத்தான் இந்தத் தொட்டிகள் கட்டப்பட்டவை. வெளிக்காற்று அமுக்கினால் மிதித்த தகர டப்பாபோல நசுங்கிவிடும். மேல்மூடி வால்வு திறந்திருக்கிறது என்று சென்சார் சொல்லாதவரை பம்பை ஓடவிடாத ஒரு பூட்டு, ஒரே ஒரு வரி நிரல், ஒரு தொட்டியின் விலையை மிச்சப்படுத்தும். வாயு அபாயம் ஆளுக்கும் உண்டு. ஆயிரம் லிட்டர் சாதாரண பியர் நொதிக்கும்போது 35–40 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. காற்றைவிடக் கனமானது, நிலவறைகளில் தரையோடு தேங்கும். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கச் சட்டம் வைத்த வரம்பு பத்து லட்சத்துக்கு 5,000 பங்கு. சுவரில் மாட்டும் எச்சரிக்கை மணிக்கு எந்த மென்பொருள் சந்தாவும் தேவையில்லை. அது இல்லாத ஆலையில் தொடுதிரை இருந்தால் எனக்குக் கோபம் வரும்.

இனி அலுவலக அறை. இங்கே கவர்ச்சி இல்லை; காசு இருக்கிறது. ஒரு ஈடு பியருக்குப் பின்னால் எந்த மால்ட் மூட்டை, எந்த ஆண்டு ஹாப்ஸ், எத்தனையாவது தலைமுறை ஈஸ்ட், எந்தத் தொட்டியில் எத்தனை நாள், எத்தனை கெக் கலன்களில் நிரப்பி யாருக்குப் போனது என்ற நூல் நீள்கிறது. ஒரு மால்ட் லாட்டில் கோளாறு என்று சப்ளையர் தொலைபேசியில் சொன்னால், அந்த நூலைப் பிடித்து அரை மணிக்குள் மதுக்கடைகளுக்குச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் எல்லோருமே எக்செல் ஷீட்டில்தான் எழுதுகிறார்கள். நாலு தொட்டிவரை போதும். தொட்டி எட்டாகி, ஷீட்டை மூன்று பேர் திருத்த ஆரம்பித்ததும் எந்த நகல் உண்மை என்று தெரியாது. அந்த இடத்தில்தான் வட கரோலினாவின் சார்லட்டிலிருந்து வரும் எகோஸ், எஸ்ஏபி பிசினஸ் ஒன்னின் மேல் கட்டிய ஆர்க்கெஸ்ட்ரேட்டட் பியர் போன்ற மென்பொருள்கள் நுழைகின்றன. இருப்பு, கொள்முதல், ஈடு, விற்பனை, வரி எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கட்டுவது இவற்றின் வேலை.

கெக் கணக்கு தனித் தலைவலி. 58 லிட்டருக்குச் சற்றே கூடுதலாகப் பிடிக்கும் எஃகுக் கெக் நூறு டாலருக்கு மேல் போகும். மதுக்கடை கட்டும் முன்பணம் அதில் பாதிகூட இராது. கெக்கைத் திருப்பித் தராமல் விட்டாலும் கடைக்காரருக்குப் பெரிய நட்டமில்லை. ஒவ்வொன்றுக்கும் பார்கோடு ஒட்டிப் போகும்போதும் வரும்போதும் ஸ்கேன் செய்தால், எந்தக் கடையில் எட்டு மாதமாக எத்தனை தூங்குகின்றன என்று தெரியும். இது எல்லா ஆலைக்கும் வேண்டியதில்லை. பெங்களூரு இந்திராநகரில் 2010-இல் தொடங்கிய டாய்ட் போல, வடித்த இடத்திலேயே ஊற்றித் தரும் கடைகளில் பியர் தொட்டியிலிருந்து நேராகக் குழாய்க்கே வருவதால், அங்கே கெக்கைத் தேடிக்கொண்டு யாரும் அலைவதில்லை.

வரிக்கு வருவோம். அமெரிக்காவில் சிறிய ஆலைக்கு முதல் 60,000 பீப்பாய்வரை பீப்பாய்க்கு 3.50 டாலர் கூட்டாட்சி ஆயத்தீர்வை. 2020 டிசம்பரில் அந்தச் சலுகை நிரந்தரமானது. கணக்கு பீப்பாயில் என்பதால் கொட்டியது, சிந்தியது, கெட்டது எல்லாவற்றையும் எழுதி வைக்காவிட்டால் விற்காத பியருக்கும் வரி கட்ட நேரும். பிரிட்டனில் 2023 ஆகஸ்ட் 1 முதல் சாராயத்தின் அளவுக்கே வரி, 3.5 விழுக்காட்டுக்குக் கீழே வீதம் பாதிக்கும் குறைவு. பல ஆலைகள் பியரின் பலத்தை 3.4-க்கு இறக்கின. ரிச்சர்ட்சன் காலத்துக் கதை திரும்புகிறது: அளக்கும் எண் செய்முறையையே மாற்றிவிட்டது. 3.4-க்கும் 3.5-க்கும் இடையிலான அந்தத் துளி இடைவெளியில், ஹைட்ரோமீட்டரின் துல்லியம் நேரடியாகப் பணம். மாதக் கடைசியில் வரிப் படிவத்தைத் தானே நிரப்பித் தரும் மென்பொருளுக்குச் சந்தா கட்டும் ஆலைக்காரரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

பிறகு, வரப்போவதை முன்கூட்டிச் சொல்லும் மென்பொருள். ஓரிகன் மாநிலம் பெண்ட் நகரில் 1988-இல் தொடங்கிய டெஷூட்ஸ் ஆலை, தொட்டிச் சென்சார்களின் தரவை மைக்ரோசாஃப்டின் எந்திரக் கற்றல் கருவிகளுக்கு ஊட்டி, நொதித்தல் எந்த மணிக்கு அடுத்த கட்டத்துக்குப் போகும் என்று கணிக்க முயன்றது. பலனும் கண்டது. லண்டனில் 2016-இல் இன்டெலிஜென்ட்எக்ஸ் என்ற பெயரில், குடித்தவர்களிடம் ஃபேஸ்புக் மெசஞ்சரில் கருத்துக் கேட்டு அடுத்த ஈட்டின் செய்முறையைத் திருத்தும் 'செயற்கை நுண்ணறிவு பியர்' விற்பனைக்கு வந்தது. முதலாவது பொறியியல்; இரண்டாவதில் எனக்குத் தெரிவது விளம்பரம்தான்.

டெஷூட்ஸ் கண்ட பலன் ஏன் சிறு ஆலைக்கு இறங்காது என்பதற்கு விடை டப்ளினில் இருக்கிறது. வில்லியம் சீலி காசெட் 1899-இல் கின்னஸ் ஆலையில் சேர்ந்தார். உலகின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று. ஆனால் ஒரு பார்லி ரகத்தையோ ஒரு ஹாப்ஸ் மாதிரியையோ சோதிக்க அவருக்குக் கிடைத்தவை நாலைந்து அளவுகள்தான். அன்றைய புள்ளியியல் பெரிய எண்ணிக்கைகளுக்கே பழகியது. நாலே அளவை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளிவந்தது. இன்று கல்லூரிகளில் டி-சோதனை என்று நடத்துகிறார்கள். வருடத்துக்கு நூறு ஈடு, அதில் இருபத்தைந்து விதப் பியர் காய்ச்சும் ஆலையில், ஒரு பியர் வருடத்துக்கு நாலு முறைதான் காய்கிறது. அதற்குள் ஹாப்ஸ் அறுவடை மாறும், மால்ட் லாட் மாறும், கோடையில் குழாய்த் தண்ணீர் சூடாகும். ஒரே பியரை நூற்றுக்கணக்கில் காய்ச்சிய ஆலையில் தேறும் கணிப்பு, இங்கே நாலு புள்ளிகளின் மேல் வரைந்த கோடு. கோட்டை வரைவதில் தப்பில்லை. ஆனால் சந்தா மென்பொருள்களின் திரையில், சாராய அளவு இரண்டு தசமத்தில் மின்னுவதைக் காண்கிறேன். அது எவ்வளவு தூரம் பிசகலாம் என்ற சந்தேகப் பட்டை கண்ணில் படுவதே அரிது. காசெட்டின் சூத்திரத்தைத் திரையில் காட்ட எந்தச் செயற்கை நுண்ணறிவும் வேண்டாம். ஷீட்டின் ஒரு கட்டத்தில் அடங்கிவிடும்.

கடைசியாக, எவருடைய சர்வர் என்ற கேள்வி. சியாட்டிலின் பிகோப்ரூ நிறுவனம் 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, மேசைமேல் வைத்துத் தானே காய்ச்சும் எந்திரத்தைக் கொண்டுவந்தது. செய்முறை நிறுவனத்தின் சர்வரிலிருந்து இறங்க வேண்டும். 2020-இல் நிறுவனம் கடன்காரர் கைக்குப் போனதும், நல்ல எஃகு எந்திரங்கள் செத்த பெட்டிகளாகிவிடுமோ என்று வாங்கியவர்கள் கலங்கினார்கள். அந்த எந்திரம் பேசும் மொழியைக் கண்டுபிடித்து, ராஸ்பெர்ரி பையில் ஓடும் மாற்று சர்வரைப் பயனர்களே எழுதினார்கள். ஆர்வலருக்கு அது சுவாரசியம். கூலி கொடுத்து ஆலை நடத்துபவருக்கு அந்த நேரம் இராது. ஸ்காட்லாந்தின் ஆரன் தீவு ஆலைக்கு 2018-இல் வேறு விதமான அடி. வேலை கேட்டு வந்த விண்ணப்பங்களுக்கிடையே ஒன்றில் இருந்த நிரல் கணினிகளைப் பூட்டி இரண்டு பிட்காயின் கேட்டது. ஆலை கொடுக்க மறுத்தது; ஏறத்தாழ மூன்று மாத விற்பனைத் தரவு போயிற்று. 2025 செப்டம்பர் கடைசியில் ஜப்பானின் பெரிய பியர் நிறுவனமான அசாஹிக்கே கணினிகள் முடங்கும் அந்த நிலை வந்தபோது, கையால் எழுதி ஃபேக்ஸில் அனுப்பி ஆர்டர்களைச் சமாளித்தார்கள். பெரிய நிறுவனத்துக்குத் தாங்கும் தோள் உண்டு.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் விற்பனையாளரை ஆலைக்கே வரச் சொல்லி இரண்டு சோதனை வைக்கலாம். பழைய ஒரு ஈட்டின் முழுக் கணக்கையும், வெப்ப வளைகோட்டையும் சேர்த்து, எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய சாதாரணக் கோப்பாக அவர் இறக்கித் தரட்டும். செய்முறைகளுக்கு பியர்எக்ஸ்எம்எல், பியர்ஜேசன் என்று பொதுவடிவங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வெப்பத்துக்கும் கெக்குக்கும் இன்னும் அவரவர் வடிவம்தான், வாதாட வேண்டிய இடமும் அதுவே. பிறகு இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, நொதித்துக்கொண்டிருக்கும் தொட்டியின் கிளைக்கால் வால்வு தன் நேரத்துக்குத் திறந்து மூடுகிறதா என்று ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.